அலை அடங்கும் வரை

“இருநூறு நாள் வறட்சி. ஒருநாள்கூட விடாம நீர்மட்டம் எழுதியிருக்கீங்களேம்மா! இதை நம்பித்தான் ஊருக்கே தண்ணி பங்கு போட்டோம்.” வீட்டுக்கே வந்து பாராட்டினார் அணை இன்ஜினியர்.

“தண்ணியை வெறிச்சுப் பார்க்குறதெல்லாம் ஒரு வேலையாம்!” சமையலறையில் மாமியார் முணுமுணுத்தாள்.

கைக்குழந்தையோடு நின்ற மருமகள் சிரித்தாள்.

இன்ஜினியர் நோட்டைப் புரட்டினார். “நடுவுல இருபது நாள் எழுத்து கோணலா இருக்கே?”

“பிரசவமாகிப் படுத்திருந்தேன் சார்.”

“அப்ப எழுதினது உங்க வீட்டுக்காரரா?”

“அவருக்கு வெளியூர்ல வேலை சார்.”

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘பலத்த காற்று. அலை அடங்க ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தது.’

“அடேயப்பா! எங்க ஆளுங்களே இவ்வளவு பொறுமையா பார்க்க மாட்டாங்க. யாரும்மா இது?”

முணுமுணுப்பு நின்றது. மாமியார் எட்டிப் பார்த்தாள்.

“அலை அடிக்கும்போதே அளவெடுத்தா இவ என்னைச் சும்மா விடுவாளா?”