தம்ளருக்குள் சோதனை

மிளகுப் பொட்டலத்துக்குள் ஒரு பப்பாளி விதை ஒளிந்திருந்தது. பக்கத்திலிருந்த மிளகு அண்ணாச்சி, "எங்க பரம்பரைக் காரம் யாருக்கு வரும்!" என்று ஓயாமல் பீற்றுவார். விதை பயந்து பயந்து தலையாட்டும்.

ஒருநாள் கடைக்குச் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா, பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீர்த் தம்ளரில் கொட்டினார். "மிளகுன்னா முழுகும், பப்பாளி விதைன்னா மிதக்கும்" என்றார் கடைக்காரரிடம்.

"பிள்ளையாரப்பா, என்னை எப்படியாவது முழுக வெச்சிரு!" என்று வேண்டிக்கொண்டு மூச்சை அடக்கியது விதை. பலிக்கவில்லை, மிதந்தது. வெட்கத்தோடு கண்ணைத் திறந்தால், பக்கத்தில் அண்ணாச்சி மிதக்கிறார்.

"நீங்களுமா அண்ணாச்சி?"

"மெதுவாப் பேசுடா. பின்னாடி திரும்பிப் பாரு, எல்லாரும் நம்ம சொந்தக்காரங்கதான்."

தம்ளரின் அடியில் ஒரே ஒரு மிளகு அழுதுகொண்டிருந்தது: "ஐயய்யோ, நான் மட்டும் முழுகிட்டேனே! அப்ப நான்தான் கலப்படமா?"