பன்னிரண்டு மில்லிமீட்டர் சக்களத்தி

"மூச்சை இழுத்துப் பிடிங்க," என்றது காதருகே ஸ்பீக்கர்.

பிடித்தாள்.

எம்.ஆர்.ஐ. குழாய் டமடமவென்று இடித்தது. அவளுக்குப் பயமில்லை. பொறாமையாக இருந்தது.

ஆமாம், பொறாமைதான். தன் கணையத்தில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த நீர்க்கட்டியின் மேல்.

பன்னிரண்டு மில்லிமீட்டர். ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. சக்களத்திக்கு வந்த வாழ்வைப் பாரேன்!

அவள் பிரசவத்துக்கே லீவு போடாத மனுஷன், இதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுகிறார். அவள் பிறந்தநாள் தெரியாது. இதன் அளவு தெரியும். போன தடவை எவ்வளவு என்பதும் தெரியும். ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அப்படிப் பார்ப்பார்.

அவள் முகத்தை எந்தக் காலத்தில் அப்படிப் பார்த்தார்?

வீட்டில் அவள் "இந்தா". ஸ்கேன் கவுண்டரில் மட்டும்தான் பெயர். அவர் வாயால் அதைக் கேட்கும்போது, வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கும்.

"விடுங்க."

விட்டாள்.

படம் வாங்கும் வரிசையில் அவர் நின்றார். அவள் மட்டும் உள்ளே போனாள். டாக்டரம்மா பழைய படங்களையும் புதியதையும் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அஞ்சு வருஷமா அப்படியேதாம்மா இருக்கு. கொஞ்சம்கூட வளரல. இனிமே ஆறு மாசத்துக்கு ஒருக்கா அலைய வேண்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்."

நல்ல சேதி. கும்பிட்டுவிட்டு எழுந்தாள். கால் நகரவில்லை.

ரெண்டு வருஷம் "இந்தா".

கேன்டீனில் இட்லி வாங்கி வைத்துக் காத்திருந்தார். காலையிலிருந்து அவள் வெறும் வயிறு என்பது நினைவிருந்திருக்கிறது. சாம்பாரை ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தார், அவளுக்குப் பிடித்த மாதிரி.

"என்ன சொன்னாங்க? வளந்திருக்கா?"

டம்ளரை வைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"இல்லீங்க. அப்படியேதான் இருக்காம்."

"அப்பாடா!" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "திரும்ப எப்ப வரணுமாம்?"

அவள் இட்லியைப் பிட்டாள்.

"எப்பவும்போலதான். ஆறு மாசம்."

உள்ளே இருந்த சக்களத்தி காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் எழுந்து எதிரே இருந்த ஸ்கேன் கவுண்டருக்குப் போனார்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அடுத்த ஸ்கேனுக்கு எழுதிக்கோங்க," என்றார் அவர். "பேரு, செண்பகவல்லி."