படிகம் வாங்கிய வெளிச்சம்

அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கும் கரும்பொருளைத் தேடும் படிகத்தை இருட்டறையில்தான் கையாள வேண்டும். துளி வெளிச்சம் பட்டாலும் அதை வாங்கி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் மினுங்கும். அது அடங்கும்வரை எதையும் அளக்க முடியாது.

ஆய்வு மாணவி ஜெசிந்தா மறதியாகக் கோட்டுப் பையில் வைத்திருந்த செல்போன் ஒளிர்ந்தது. அம்மாவின் அழைப்பு. எடுத்துப் பேசவில்லை, பதறிப்போய் வெளியே எடுத்து அணைத்தாள். அதற்குள் படிகத்தில் வெளிச்சம் விழுந்துவிட்டது. அம்மா போய்விட்டதாக அன்று மாலையில் தம்பி சொன்னான்.

அடக்கம் முடிந்து, மூன்றாம் நாள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள்.

"இன்னைக்குக் காலையிலதாம்மா அந்த மினுக்கம் அடங்குச்சு. இனி அளக்கலாம்," என்றார் பேராசிரியர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். கணினித் திரையில், மூன்று நாளாகத் தேய்ந்துவந்த மினுக்கத்தின் கோடு தரையோடு படுத்திருந்தது. கருவியை நிறுத்தினாள். படிகம் இருந்த பெட்டியைத் திறந்து, செல்போனில் அந்த எடுக்காத அழைப்பைத் தேடியெடுத்து, அந்த வெளிச்சம் படிகத்தில் விழும்படி பிடித்தாள்.