வலது தோள்

"எந்தத் தோள், தம்பி?"

ஜெயராஜ் ஒரு கணம் யோசித்தான். பிறகு, "வலது தோள், நானா" என்றான்.

பிலிமத்தலாவையில் ஒரு பித்தளை விளக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தது ஸெய்னுலாப்தீன் நானாவின் மசாஜ் நிலையம். சுவரில் அவருடைய சான்றிதழ், மூலையில் துவைத்து மடித்த துவாய்கள். எண்ணெயைத் தொடுமுன் அவர் பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். பிரஷர் உண்டா, சீனி உண்டா, எப்போதாவது ஒபரேஷன் செய்ததுண்டா? ஒவ்வொரு பதிலையும் படிவத்தில் எழுதிக்கொண்டார். தோளுக்கு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர்கூட இதில் பாதியைக் கேட்கவில்லையே என்று ஜெயராஜ் நினைத்தான்.

கண்டியில் ஒரு புடவைக்கடையில் அவன் சேல்ஸ்மேன். பெரஹரா திருவிழா நாட்களில் மூன்றாம் மாடிக்குத் துணி பேல்களைச் சுமந்து ஏற்றியபோது தோள் பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் நிஜமாகவே வலித்தது. அந்த ஒன்பது நாளும் கவுண்டரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சேலை மடித்தான். பத்தாம் நாள் வலி போய்விட்டது. அந்தக் கதிரையை விட்டுப் போகத்தான் மனம் வரவில்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது.

திங்கட்கிழமை தீபாவளிச் சரக்கு வருகிறது. முதலாளி நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார்: தோள்வலி உண்மையான வருத்தம் என்றால் கவுண்டரிலேயே இருக்கட்டும், நடிப்பென்றால் வீட்டுக்குப் போகட்டும். கண்டுபிடித்து வரும் பொறுப்பைக் கேஷியர் தனபாலனிடம் கொடுத்தார். ஐந்து வருட இடுப்பு வலிக்காரர் தனபாலன். முதலாளி அவருக்கென்றே குஷன் கதிரை வாங்கிப் போட்டிருந்தார். அன்று முதல் அவர் கடையின் மாடிப்படி மிதித்ததில்லை. மாதம் ஒருமுறை இந்த மசாஜ் நிலையத்துக்கு வருகிறவர் என்பதால், இடமும் ஆளும் அவருக்குப் பழக்கம்.

இன்றும் அவர் இடுப்பில் ஒரு கையை வைத்து, மறுகையால் கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறி வந்து, வெளியே மர வாங்கில் மெல்ல அமர்ந்திருந்தார்.

உள்ளே ஜெயராஜ் குப்புறப் படுத்தான். ஸெய்னுலாப்தீன் அவன் இடுப்புவரை துவாயை இழுத்துப் போர்த்தினார். அழுத்தம் கூடினால் வெட்கப்படாமல் சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை முனகுவதென்று ஜெயராஜ் முதலிலேயே தீர்மானித்திருந்தான்.

"ஆ... அங்கதான் நானா, உயிர் போகுது."

"தம்பி, நான் இன்னும் தொடவே இல்ல. என்ட கை எண்ணெய்ப் போத்தல்ல ஈக்குது."

ஜெயராஜ் இருமுவதுபோல் சமாளித்தான்.

இளஞ்சூடான உள்ளங்கை இறங்கியது. கழுத்தடியில் தொடங்கிய பெருவிரல் தோள்பட்டையின் ஓரம் முழுக்க நிதானமாக ஊர்ந்தது. பிறகு இடது தோளுக்குப் போனது. மறுபடி வலது தோளுக்கே வந்து நின்றது.

"நோகுற தோள் நாங்க தொட முந்தியே இறுகும். இது பஞ்சு மாதிரிக் கிடக்குது" என்றார் தாழ்ந்த குரலில். "யாருக்குப் பயந்து நோகுது?"

தரையைப் பார்த்தபடியே ஜெயராஜ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முதலாளி, மூன்றாம் மாடி, பேல்கள், இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் செலவு. கடைசியில், வேலை போய்விடும் நானா என்று கெஞ்சினான்.

அவர் கை நிற்கவில்லை. "இந்த மேசையில படுத்தவங்கட உடம்பு சொல்றது இந்தத் திரையத் தாண்டாது. அது எங்கட தொழில். நான் பொய்யும் சொல்ல மாட்டன், உங்களக் காட்டிக் கொடுக்கவும் மாட்டன்."

முழுநேரத்தையும் முறையாக முடித்து, எண்ணெயைத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

தனபாலன் பேப்பரை மடித்தார். "எப்பிடி இருக்கு நானா?"

"எலும்புல பிழையில்ல. இது அவசரப்படுத்துற வருத்தமில்ல. படுக்கைக்குப் போகக்குள்ள சுடுதண்ணிப் போத்தல் வைக்கட்டும். மாசம் ஒருக்கா வந்து போகட்டும். மத்தது ஆண்டவன் கையில."

தனபாலன் தலையைச் சாய்த்துக் கேட்டார். அதற்குமேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கண்டி பஸ்ஸில் ஜன்னலோர சீட் ஜெயராஜுக்குக் கிடைத்தது. மனசு காற்றாகப் பறந்தது. ஒரு பொய்கூட இல்லாமல் மனுஷன் எவ்வளவு அழகாகக் காப்பாற்றிவிட்டார். பேராதனை தாண்டும்போது, கவுண்டர் கதிரைக்கும் ஒரு குஷன் கேட்டால் என்ன என்றுகூட நினைத்துக்கொண்டான்.

"திங்கக்கிழமை எண்பது பேல் வருது" என்றார் தனபாலன், ரோட்டைப் பார்த்தபடி. "நீதான் ஏத்துற."

"அண்ணே, என் தோளு..."

"அது நானா கையில ஒரே தடவையில சுகமாயிருச்சு. முதலாளிகிட்ட நான் அப்பிடித்தான் சொல்லப்போறேன். உன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"அவர் சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சே அண்ணே. சுடுதண்ணி, மாசம் ஒருக்கா..."

"கேட்டுச்சு." தனபாலன் அவன் பக்கம் திரும்பினார். "அஞ்சு வருஷத்துக்கு முந்தி, அதே வாங்குல முதலாளி உக்காந்திருக்க, என் இடுப்பப் பத்தியும் ஒரு வார்த்தை மாறாம இதையேதான் சொன்னாரு."

பஸ் கூட்ஸ்செட் பஸ் நிலையத்துக்குள் திரும்பியது. நிற்குமுன்பே தனபாலன் பொத்தென்று குதித்து இறங்கி, ஜன்னல் வழியே நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ஒரு கடைக்கு ஒரு நோயாளி போதும், தம்பி."