காய்ந்த குழாய்

எங்க கனவு அக்கா கையில ஒரு வேலையைக் கொடுத்தா, அன்னிக்குப் பொழுது போச்சு.

ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற ஸ்டென்ட், வெச்ச இடத்துலயே நிக்குதான்னு பார்க்கிறதுதான் எங்க கம்பெனியில அக்காவோட வேலை. ரப்பர் குழாய்ல வெதுவெதுன்னு தண்ணியை ஓடவிட்டு, அதுக்குள்ள ஸ்டென்டை விரிச்சு, கொக்கி மாட்டி இழுக்கணும். நூறு இருக்கிற பெட்டிக்கு மூணை எடுத்து இப்படி இழுத்துப் பார்க்கணும். அதுல ஒண்ணு நழுவினாலும் மொத்தப் பெட்டியும் குப்பைக்குத்தான்.

விரிச்ச உடனே அக்கா இழுக்க மாட்டாங்க. பத்து நிமிஷம் தண்ணி ஓடுறதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. தண்ணியோட வெளிச்சம் கூரையில நெளியும். பார்த்தா எனக்கே சொக்கும்.

"அக்கா, எந்த உலகத்துல இருக்கீங்க?"

"இது ஒரு பாட்டு டீச்சருக்குப் போகும்னு தோணுதுடி. மூச்சைப் பிடிச்சுப் பாடுவாங்க இல்ல? அப்பவும் அசையக் கூடாது."

எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவங்க முடிச்சாதான் நான் பேக்கிங் பண்ண முடியும். வீட்டுக்குப் போக எனக்கு மட்டும் ஆசையில்லையா?

அந்த வாரம் மூணு பெட்டியைக் கழிச்சுட்டாங்க. மேனேஜர் வந்துட்டார்.

"ஏம்மா, தண்ணி இல்லாம இழுத்துப் பாருங்க. நல்லா பிடிச்சு நிக்கும்."

"ரத்தம் ஓடுற இடம் சார். காய்ஞ்சா கிடக்கும்?"

"சொன்னதைச் செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியாது சார்."

தூக்கத்துல பேசுற மாதிரி மெதுவாத்தான் சொன்னாங்க. அன்னிக்கே அக்காவை லேபிள் ஒட்டுற மேஜைக்கு அனுப்பிட்டு, அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். சந்தோஷமாத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்?

காய்ஞ்ச குழாய்ல சடசடன்னு இழுத்தேன். ஒண்ணுகூட நழுவலை. ரெண்டே நாள்ல பன்னிரண்டு பெட்டி! மேனேஜர் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டார். "வேலைன்னா இது!"ன்னு எல்லார் முன்னாலயும் பாராட்டினார்.

மூணாம் நாள் மத்தியானம், வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். அவரோட அப்பாவுக்கு நெஞ்சுவலியாம். ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருக்காங்களாம். உடனே ஸ்டென்ட் வைக்கணுமாம், நம்ம ஸ்டென்டையே வைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

நான் பதறிப்போய், மேல இருந்த பெட்டியை எடுத்து நீட்டினேன்.

அவர் கையே நீட்டலை. என்னைத் தாண்டி லேபிள் மேஜைக்குப் போனார். எனக்கு முகம் சுண்டிப்போச்சு.

"அம்மா... நீங்க இழுத்துப் பார்த்த பெட்டி ஏதாவது மிச்சம் இருக்கா?"