நாற்பத்தோராவது ஆள்

முதியோரின் தனிமையைப் பற்றியது என் ஆய்வு. தினமும் காலை ஏழு மணிக்கு, "இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று என் பெயரில் ஆய்வுப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் செய்தி அனுப்பி, பதில்களைச் சேமித்து வைப்பது நான் எழுதிய கணினி நிரல். ஆறு மாதமாக அதன் பக்கமே நான் போகவில்லை.

"மேடம், நாற்பத்தோராவது ஆள் ரொம்பப் படுத்தறாங்க," என்றாள் உதவியாளப் பெண். "பதில் சொல்லாம, சாப்பிட்டியா, தூங்கினியான்னு நம்மளையே கேக்கறாங்க. பட்டியல்லேருந்து தூக்கிடலாமா?"

"தூக்கிடு."

சொன்ன பிறகு என்னவோ மனம் நிலைகொள்ளவில்லை. அந்த ஆளின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பார்த்தேன். முதல் நாள் சோதனைக்காக நானே சேர்த்து, நீக்க மறந்த எண். உடனே அழைத்தேன்.

"என்னடி, அதிசயமா குரலெல்லாம் கேக்குது?" என்றாள் அம்மா. "வேலையைப் பாரு. தினமும் காலைல தவறாம விசாரிக்கிறியே, எனக்கு அது போதும்."

"தூக்கிட்டேன் மேடம்," என்றாள் உதவியாளப் பெண்.