சத்தம் குறைந்தது எது

மூன்று பெட்டிகளையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தான் கம்ப்யூட்டர் கடை நிஜாம்.

மூன்றும் கிராபிக்ஸ் கார்டு. மூன்று கம்பெனி. உள்ளே சிப் ஒன்றேதான்.

"எதை வாங்கினாலும் ஃபேனையெல்லாம் கழட்டிப் போட்டுட்டுத்தானேக்கா தண்ணி விடப்போறோம். இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கிறீங்க?"

யோசிக்க இருந்தது.

முதல் கம்பெனி திருகாணிமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிழித்தால் வாரண்டி போச்சு.

இரண்டாவது கம்பெனி கழற்ற விடும். ஆனால் அதன்மேல் பொருத்துகிற தண்ணீர் பிளாக் ரிச்சி தெரு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவதில் இரண்டும் சரி. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம்.

மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு விசாரித்ததில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். விசிறி சுற்றாமல், குழாயில் தண்ணீர் ஓடிச் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். சத்தம் வரக்கூடாது.

அவள் சினிமாவுக்கு ஒலி கலப்பவள். வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ.

நாலு மாதமாக அந்த அறையில் ஒரு விசில்.

சன்னமாக. ஈயென்று.

அதன் சுருதி ஆறாயிரம் ஹெர்ட்ஸ் என்று கேட்டவுடனே சொல்லிவிட்டாள். அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

முதலில் கம்ப்யூட்டரின் விசிறிகளை மாற்றினாள். நிற்கவில்லை.

பவர் சப்ளையை மாற்றினாள். நிற்கவில்லை.

ஃப்ரிட்ஜை முன்னறைக்குத் தள்ளினாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினாள். பல்லியைக்கூட ஒருநாள் முறைத்துப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றான் கணவன் கிளமென்ட்.

பாவம், இந்த வயதிலேயே காது போய்விட்டது என்று அவனைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். கொஞ்சம் அழுக்கு இருந்தது. எடுத்துவிட்டார்கள். மற்றபடி அவனுக்குப் பாம்புக் காது.

டாக்டர் அவளிடம், "வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்களேன்" என்றார்.

இவள் சிரித்தாள். என் காதை நம்பி முழுப் படத்தையே கொடுத்திருக்கிறார்கள் சார், என்றாள்.

உண்மைதான். அவளுடைய முதல் முழுநீளப் படம். பத்து வருஷம் அடுத்தவர் படங்களுக்குப் பேர் இல்லாமல் உழைத்துக் கிடைத்தது.

போன வாரம் முதல் பாதியைக் கேட்டுவிட்டு இயக்குநர் தலையைச் சொறிந்தார்.

"ஹீரோயின் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்குங்க."

விசில் கேட்ட இடத்திலெல்லாம் அவள் பேச்சிலிருந்து அந்தச் சுருதியையே வெட்டி எடுத்திருந்தாள். அதோடு பேச்சின் உயிரும் போயிருந்தது.

அவரிடம் அவள் கம்ப்யூட்டரைக் குறை சொன்னாள். ஒரு வாரம் தவணை கேட்டாள்.

அறையில் இனி மாற்ற வேண்டியது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி.

"அக்கா, தண்ணி ஓடுற மெஷின் ஒண்ணு இங்கயே இருக்கு. அந்த மூணாவது கம்பெனி கார்டுதான் போட்டிருக்கேன். கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நிஜாம் அவளுக்காகக் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினான். ஏசியை நிறுத்தினான். தெரு சட்டென்று தூரத்துக்குப் போய்விட்டது.

அவள் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். கவனமாக ஒன்றைக் கேட்கும்போது அவள் எப்போதும் அப்படித்தான்.

இருந்தது.

அதே விசில். அதே ஈ.

"இதுலயும் வருது நிஜாம்" என்றாள். கொஞ்சம் எரிச்சலோடு. "எல்லாக் கம்பெனிக்காரனும் ஒரே குட்டையில ஊறினவன்தான் போல. தண்ணி விட்டும் கத்துதே."

கண்ணைத் திறந்தாள்.

நிஜாம் மேசைக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தான். கையில் பிளக் இருந்தது.

"இன்னும் போடவே இல்லக்கா."

குழாய்களில் தண்ணீர் அசையாமல் நின்றது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். இதைவிட மட்டமான ஜோக்குக்கெல்லாம் சிரித்திருக்கிறாள். வாய் கோணியதோடு சரி.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, பிளக்கைப் போடாமல் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

"டீ சொல்லட்டுமாக்கா?"

கதவைத் திறந்து பையனுக்குக் குரல் கொடுத்தான். ஹாரன், பேரம், டெம்போ, மொத்தத் தெருவும் உள்ளே விழுந்தது.

விசில் காணாமல் போனது.

கதவு தானாக மூடிக்கொண்டது.

விசில் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

மூன்று பெட்டிகளும் இன்னும் அவள் முன்னால்தான் இருந்தன. அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கறதுலயே ரொம்ப சத்தம் போடுறது எது நிஜாம்?"

அவன் ஏன் என்று கேட்கவில்லை. மேல்தட்டிலிருந்து ஒரு பழைய கார்டை எடுத்தான். மூன்று விசிறி. சத்தம் தாங்கவில்லை என்று யாரோ திருப்பிக் கொடுத்தது. மேசைமேல் கிடந்த இன்னொரு மெஷினில் அதைச் சொருகி ஓடவிட்டான்.

விசிறிகள் இரைந்தன. மேசை லேசாக அதிர்ந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போதுமாக்கா?" கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது அவனுக்கு.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினான்.

"இப்ப?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்."